‘நீங்க எந்தக் கட்சி?’ என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லாதவர்களுக்கு

தேர்தல் நெருங்கிவிட்டால் டீக்கடையில் இருந்து கல்யாணப் பந்தி வரை எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி, “நீங்க எந்தக் கட்சி?” சிலருக்குப் பதில் சட்டென்று வரும். பலருக்கு வராது. இட ஒதுக்கீட்டில் ஒரு கட்சி சொல்வது சரி என்று படும். மதுக்கடை விஷயத்தில் அதே கட்சிமேல் கோபம் வரும். வரி, தொழில் பற்றி இன்னொரு கட்சி பேசுவது நியாயமாகத் தெரியும், அந்தக் கட்சி மதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒட்டாது. இதையெல்லாம் விளக்க வாயெடுத்தால், எதிரில் இருப்பவர் பாதியிலேயே “அப்போ நீங்க அவங்க ஆளா?” என்று முடித்துவிடுவார்.

இப்படி இருப்பது குழப்பமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. கட்சி என்பது தேர்தலில் ஜெயிப்பதற்காகக் கட்டப்பட்ட ஒரு தொகுப்பு. ஒரு மனிதரின் நம்பிக்கைகள் அந்த நோக்கத்துக்காக உருவானவை அல்ல. இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். மதுவிலக்கு வேண்டுமா? பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்கு விற்கலாமா? கோயில் நிர்வாகம் அரசின் கையில் இருக்க வேண்டுமா? பள்ளியில் இரண்டு மொழி போதுமா? மாநிலங்களுக்கு இன்னும் அதிகாரம் வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே பதில் என்றாலும், ஐந்து கேள்விக்குமான பதில்களை 32 விதமாகச் சேர்க்கலாம். பத்து கேள்வி என்றால் 1,024 விதம். ‘ஓரளவுக்கு’, ‘படிப்படியாக’ போன்ற பதில்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனால் ஒரு தொகுதியில் ஜெயிக்க வாய்ப்புள்ள வேட்பாளர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். 1,024 வகை மனிதர்கள் மூன்று வரிசைகளில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது எல்லாக் கேள்வியிலும் தன் வரிசையோடு ஒத்துப்போகிறவர்தான் அபூர்வம்.

வரிசைகள் ஏன் இவ்வளவு குறைவு? நம் தேர்தல் முறைதான் பெரிய காரணம். தொகுதிக்கு ஒருவர், யாருக்கு மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலோ அவருக்கு வெற்றி. இப்படிப்பட்ட முறையில் மூன்றாவது, நான்காவது அணிக்குப் போடும் வாக்கு வீணாகிவிடும் என்று மக்கள் நினைக்கத் தொடங்குவார்கள். சின்னக் கட்சிகளும் தனியே நின்று தோற்பதைவிடப் பெரிய கட்சியோடு சேர்வது மேல் என்று கணக்குப் போடும். காலப்போக்கில் களம் இரண்டு பெரிய அணிகளாகச் சுருங்கும். பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரீஸ் துவர்ஜே 1950களின் தொடக்கத்திலேயே இந்தப் போக்கை விளக்கினார். தமிழ்நாட்டில் 1977-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் நடந்த தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1967-இல் யார் யாரோடு நின்றார்கள்?

தொகுப்பு என்று நான் சொல்வதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க 1967 சட்டமன்றத் தேர்தலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காங்கிரஸை வீழ்த்தத் திமுக அமைத்த கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இருந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. 1959-இல் தொடங்கப்பட்ட சுதந்திராக் கட்சி, தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி கேட்கும் லைசென்ஸ்-பர்மிட் ஆட்சியை எதிர்த்தது. தொழில் தனியார் கையில் இருக்க வேண்டும், நிலம் விவசாயியின் சொத்தாகவே இருக்க வேண்டும், அரசு தள்ளி நிற்க வேண்டும் என்பது அதன் வாதம். 1964-இல் பிரிந்து உருவான மார்க்சிஸ்ட் கட்சி இதற்கு நேர் எதிர். அந்தத் தேர்தலில் சுதந்திராவுக்கு 20 இடங்கள், மார்க்சிஸ்ட்டுக்கு 11 இடங்கள் கிடைத்தன. இரண்டும் ஒரே அணி!

கூட்டணியின் பேரால் மார்க்சிஸ்ட் வேட்பாளர் நின்ற ஒரு தொகுதியில், சுதந்திராக் கட்சியை ஆதரித்த ஒரு மில் முதலாளி இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? தன் ஆலையில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கக்கூடிய கட்சிக்கு வாக்களித்துத் தன் தலைவரின் சொல்லைக் காப்பாற்றுவதா, இல்லை எதிர்க்கவே கிளம்பிய காங்கிரஸுக்குப் போடுவதா? அவர் எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் அந்த வாக்கு அவருடைய நம்பிக்கையில் ஒரு பாதியைத்தான் சொல்லும்.

அந்தத் தேர்தலின் இன்னொரு பக்கம் இதைவிடச் சுவையானது. திமுகவினரின் ஆசான் பெரியார் 1967-இல் திமுகவை எதிர்த்துக் காமராஜருக்காக, அதாவது காங்கிரஸுக்காகப் பிரசாரம் செய்தார். 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம், அதாவது ஒவ்வொரு சமூகத்துக்கும் பங்கு ஒதுக்கும் தீர்மானம், எடுபடாமல் போனதும் காங்கிரஸைவிட்டு வெளியேறிய அதே பெரியார்தான். காங்கிரஸ் நல்ல கட்சி ஆகிவிட்டது என்று அவர் திடீரென நம்பத் தொடங்கிவிடவில்லை. 1953-இல், அப்போது காங்கிரஸ் முதல்வராக இருந்த ராஜாஜியின் அரசு கொண்டுவந்து, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த, பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் குடும்பத் தொழில் என்ற பள்ளித் திட்டத்தைக் காமராஜர் முதல்வரானதும் கைவிட்டார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். பெரியாருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. கட்சியைவிட அந்த ஒரு விஷயத்துக்கு அவர் அதிக எடை கொடுத்தார்.

ராஜாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1965-இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதை எதிர்த்தவர்களில் ஒருவர். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். ஆலய நுழைவுக்கு 1939-இல் சட்டம் இயற்றியவர். தனியார் தொழிலுக்காகக் கட்சியே தொடங்கியவர். 1953-ஆம் ஆண்டின் பள்ளித் திட்டத்தை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. ஆலய நுழைவில் அவர் செய்தது பெரிய காரியம் என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், “ராஜாஜியை ஆதரிக்கிறாயா, எதிர்க்கிறாயா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக நாம் நினைக்கத் தேவையில்லை. திட்டத்தைக் கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்பதே போதும்.

திரு.வி.க.வும் நினைவுக்கு வருகிறார். காங்கிரஸ்காரர், ஆழ்ந்த சைவர், சென்னைத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர், பெண்ணுரிமைக்காக எழுதியவர். இன்றைய தொலைக்காட்சி விவாதத்தில் அவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இடது, வலது போதாது

அரசியல் கருத்தை அளக்க எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இடது–வலது என்ற கோடு. 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில் சட்டங்களைத் தடுக்கும் ரத்து அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்ததில் தொடங்கிய வழக்கம் அது. மன்னரைப் பற்றிய ஒரே கேள்விக்கு ஒரு கோடு போதும். பிற்காலத்தில் பொருளாதாரம், மதம், குடும்பம், தனிமனித சுதந்திரம் எல்லாவற்றையும் அந்த ஒரே கோட்டில் ஏற்றிவிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் டேவிட் நோலன் என்ற அமெரிக்கர், பொருளாதார சுதந்திரத்துக்கு ஒரு கோடு, தனிமனித சுதந்திரத்துக்கு இன்னொரு கோடு என்று பிரித்து வரைபடமாகப் போட்டார். இணையத்தில் சுற்றும் ‘உங்கள் அரசியல் நிலை என்ன?’ வகை வினாப்பட்டியல்கள் பலவும் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கோடு போடுபவைதான்.

நமக்கு இரண்டு கோடும் போதாது என்பது என் கருத்து. சாதி, சமூக நீதி பற்றி ஒருவர் நினைப்பதற்கும் அவர் தொழில்வரி பற்றி நினைப்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மத்திய–மாநில உறவு தனிக்கோடு. மொழி தனிக்கோடு. மதத்தை அரசு எவ்வளவு தொடலாம் என்பது இன்னொரு கோடு. வெளிநாட்டு வினாப்பட்டியலில் இட ஒதுக்கீடு, மாநில சுயாட்சி பற்றிய கேள்விகள் அநேகமாக இருக்காது. அதில் வரும் விடையை வைத்து ‘நான் இடது’, ‘நான் வலது’ என்று நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

சில விஷயங்கள் எந்தக் கோட்டிலும், எந்தக் கட்சியிலும் நிலையாகத் தங்குவதில்லை. மதுவை எடுத்துக்கொள்வோம். காங்கிரஸ் ஆட்சியில் 1937-இல் மதுவிலக்கு தொடங்கியது. திமுக ஆட்சியில் 1971-இல் நிறுத்திவைக்கப்பட்டு, அதே ஆட்சியில் 1974-இல் திரும்ப வந்தது. எம்ஜிஆர் ஆட்சியில் 1981-இல் மறுபடி தளர்ந்தது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. ஜெயலலிதா ஆட்சியில் 2003-இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன. 2016 தேர்தலில் திமுக மதுவிலக்கு என்றது, அதிமுக படிப்படியாக மதுவிலக்கு என்றது. 1937 முதல் இன்றுவரை மதுவிலக்கை விடாமல் ஆதரிக்கும் ஒரு குடும்பம் இருந்தால், அந்தக் குடும்பம் எந்தக் கட்சியில் இருந்திருக்க முடியும்? அவர்கள் நிலை மாறவே இல்லை. கட்சிகள்தான் வந்து வந்து போயின.

பொருளாதாரத்திலும் இதே கதைதான். 1955-இல் ஆவடி மாநாட்டில் சோசலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ்தான் 1991-இல் சந்தையைத் திறந்துவிட்டது. 1980-இல் தொடங்கியபோது காந்திய சோசலிசத்தைக் கொள்கையாகச் சொன்ன பாஜகவிடம் இன்று அந்தச் சொல்லைக் கேட்க முடியாது. தொழிற்சாலைக்காக 2006-இல் மேற்கு வங்கத்தின் சிங்கூரில் விவசாய நிலத்தை எடுத்தது மார்க்சிஸ்ட் தலைமையிலான அரசு. கட்சி தன் நிலையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சில மாற்றங்கள் தேவையானவை. ஆனால் “நேற்றுவரை எங்களோடு இருந்தாயே, ஏன் மாறிவிட்டாய்?” என்று யாராவது கேட்டால், மாறியது யார் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கருத்து வேறு, ஆதரவு வேறு, வாக்கு வேறு

ஒட்டாத கருத்துகளோடு இருப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான். கருத்து என்பது ஒரு விஷயத்தில் உங்களுக்கு எது சரி என்று படுகிறது என்பது. ஆதரவு என்பது எந்த அமைப்போடு, எந்தத் தலைவரோடு சேர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறீர்கள் என்பது. வாக்கு என்பது அன்றைக்கு, அந்தத் தொகுதியில், இருக்கிற வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. கருத்து மாறாமலே வாக்கு மாறலாம்.

1980-இல் தமிழ்நாட்டு மக்கள் இதை அழகாகச் செய்து காட்டினார்கள். ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். திமுக–காங்கிரஸ் கூட்டணி 39-இல் 37 இடங்களைப் பிடித்தது, எம்ஜிஆரின் அதிமுகவுக்கு இரண்டே இடம். மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதிமுக மட்டும் 129 இடங்களில் ஜெயித்து ஆட்சியைப் பிடித்தது. டெல்லிக்கு யார், சென்னைக்கு யார் என்று மக்கள் தனித்தனியாக யோசித்தார்கள். நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இட ஒதுக்கீடு இல்லை என்று 1979-இல் போட்ட ஆணையை, நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பிறகு எம்ஜிஆர் அரசு திரும்பப் பெற்றது. பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டில் இருந்து 50 விழுக்காடாக உயர்த்தவும் செய்தது. எப்படியும் வாக்கு நமக்குத்தான் என்று உறுதியாக இருந்தால் எந்த அரசுக்கும் இப்படி இறங்கிவர வேண்டிய தேவை இருக்காது. ஒரே கட்சியில் அடங்காத வாக்காளர்களால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஐந்து மாதக் கதையைத்தான்.

முரண்பாடா, இல்லையா?

எல்லாக் கலவையும் நியாயமானது என்று சொல்லிவிட முடியாது. சிலது பார்க்க முரணாகத் தெரியும், உள்ளே முரண் இருக்காது. தினமும் கோயிலுக்குப் போகிற ஒருவர், முறையான பயிற்சி பெற்றவர் எந்தச் சாதியாக இருந்தாலும் அர்ச்சகர் ஆகலாம் என்று நினைக்கலாம். 1970-இல் பரம்பரை உரிமையை நீக்கிய சட்டத்திருத்தத்தையும், 2021 ஆகஸ்டில் பல சாதியினரும் அர்ச்சகராக நியமிக்கப்பட்டதையும் அவர் மனதார வரவேற்கலாம். அவருக்குப் பக்தியும் சமத்துவமும் ஒரே இடத்தில் இருந்து வருகின்றன. கடவுள்முன் எல்லோரும் ஒன்று என்பது அவர் நம்பிக்கை.

ஆனால் வரியைக் குறைக்க வேண்டும், இலவசத் திட்டங்களைக் கூட்ட வேண்டும், அரசு கடனும் வாங்கக் கூடாது என்று மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சொன்னால் அது நிஜமான முரண்பாடு. டாஸ்மாக்கை நாளையே மூடு என்பவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 2022-23-இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 44,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? மூடவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூட வேண்டும் என்பதே என் ஆசையும். அதற்காக நான் எந்த வரியைக் கூடுதலாகக் கட்டத் தயார், எந்தத் திட்டத்தை இழக்கத் தயார் என்று சொல்ல முடிந்தால்தான் அது அரசியல் நிலைப்பாடு. அதுவரை அது வெறும் விருப்பம்.

உங்கள் கலவை எந்த வகை என்று பார்க்க எளிய வழி, ஒவ்வொரு கருத்துக்கும் அடியில் ‘ஏன்?’ என்று கேட்பது. இரண்டு, மூன்று ‘ஏன்’ தாண்டினால் அடித்தளம் தெரிந்துவிடும். பலருக்கும் அங்கே இரண்டு, மூன்று மதிப்புகள்தான் இருக்கும். ‘பிறப்பால் யாரும் தாழக் கூடாது’, ‘உழைத்துச் சேர்த்ததை யாரும் பிடுங்கக் கூடாது’, ‘எங்கள் ஊர் விஷயத்தை எங்கள் ஊரில் முடிவு செய்ய வேண்டும்’ என்பவை போல. கட்சியோடு ஒட்டாத பத்துக் கருத்துகள், இந்த மதிப்புகளோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒரே குடும்பமாகத் தெரியும்.

எடுத்துச் சொல்வது எப்படி?

ஒரு கல்யாண வீடு. கட்சியில் நெடுநாள் இருக்கும் பெரியப்பா, வேலைக்குப் போகும் தம்பி மகளிடம் கேட்கிறார்.

“என்னம்மா, நீ இப்போ எந்தப் பக்கம்?”

“பக்கம்னு சொல்லத் தெரியல பெரியப்பா. எனக்கு ரெண்டு விஷயம் முக்கியம். அரசுப் பள்ளி நல்லா இருக்கணும், அதுக்குக் கூட ரெண்டு காசு வரி கட்டணும்னாலும் கட்டுவேன். அப்புறம், எங்க தெருமுனையில இருக்கிற டாஸ்மாக்கை எடுக்கணும். முதல் விஷயத்துல உங்க கட்சி செஞ்சது எனக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டாவதுல கோபம்தான்.”

“ரெண்டும் பேசினா எப்படி? ஓட்டு யாருக்கு?”

“போன தடவை உங்க கட்சிக்குத்தான் போட்டேன். இந்தத் தடவை கடையை எடுக்கிறேன்னு யாரு தேதியோட சொல்றாங்கன்னு பார்த்துட்டுப் போடுவேன்.”

அவள் கட்சிப் பெயரில் தொடங்கவில்லை, விஷயத்தில் தொடங்கினாள். எது தனக்கு அதிக எடை என்று சொன்னாள். தான் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையையும் சொன்னாள். பெரியப்பாவின் கட்சி செய்த நல்லதை மறைக்கவில்லை. அதனால் அவர் அடுத்த வார்த்தையைக் கேட்கத் தயாராக இருக்கிறார். எது நடந்தால் தன் முடிவு மாறும் என்பதையும் வெளிப்படையாக வைத்துவிட்டாள். மதில்மேல் பூனை என்று அவளைச் சொல்ல முடியாது. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் லாபம் என்று பார்த்துக் காத்திருப்பது. இவள் நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரிகிறது.

“எல்லாக் கட்சியும் ஒண்ணுதான்” என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது உண்மையும் இல்லை, விளக்கமும் இல்லை. கட்சிக்குள் இருப்பவர்களைக் கீழாகப் பார்ப்பதும் தவறு. ரேஷன் கார்டுக்கும் தண்ணீர் லாரிக்கும் அலைந்து ஊருக்கு வேலை செய்கிறவர்களில் கட்சித் தொண்டர்கள் நிறைய. வேட்பாளர் யார் என்று முடிவு செய்வதும் கட்சிக்குள்தான் நடக்கிறது. வெளியே நிற்பவருக்கு அதில் குரல் இல்லை. பத்தில் ஆறு விஷயம் ஒத்துப்போகிறது, மீதி நாலுக்காக உள்ளே இருந்து சண்டை போடுவேன் என்று ஒருவர் கட்சியில் சேர்ந்தால் அது மதிக்கத்தக்க முடிவு. கூட்டத்தில் அந்த நாலைப் பற்றி அவர் வாய் திறக்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கட்சிக்காரர்களிலேயே சிலரால் வாய் திறக்க முடிந்தாலும் வாக்கை மாற்றிப் போட முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொறடா உத்தரவை, அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற தங்கள் கட்சியின் கட்டளையை, மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். 1967-க்குப் பிறகு பல மாநிலங்களில் உறுப்பினர்கள் கட்சி மாறி மாறி அரசுகளைக் கவிழ்த்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் தேவை புரியும். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மட்டும் கொறடா உத்தரவு கிடையாது. 1969-இல் மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னதும், காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி தோற்று, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி ஜெயித்ததும் அந்தத் தேர்தலில்தான். வாக்காளருக்கு எந்தத் தேர்தலிலும் கொறடா இல்லை. வீட்டில் பெரியவர், சாதிச் சங்கத் தலைவர், வாட்ஸ்அப் குழு அட்மின் யாருக்கும் அந்தப் பதவியை நாமாகத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

இதையெல்லாம் பழகிப் பார்க்கத் தோதான தேர்தல் கிராம ஊராட்சித் தேர்தல். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரே நாளில் ஒருவர் நான்கு வாக்குகள் போடுகிறார். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் என்ற இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு இரண்டுக்கும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் வாக்குச்சீட்டு. ரோஸ் நிறச் சீட்டில் தலைவருக்கு முத்திரை குத்தும்போது குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை பற்றி யோசிப்பவர், மாவட்டத்துக்கான மஞ்சள் சீட்டைப் பிரித்ததும் கட்சியைப் பார்க்கிறார். முதல்முறை வாக்களிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முந்தின நாள் அவர்களோடு உட்கார்ந்து, நான்கு சீட்டுக்கும் நான்கு தனிக் காரணம் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.